பாவாயி ஓடிய நோம்பி

என் பெண்டாட்டியை நான் முதன்முதலில் பார்த்தது சண்டை போடப் போன இடத்தில். சண்டைக்குக் காரணம் என் பஸ்ஸின் முன்கண்ணாடி.

முப்பத்திரண்டாம் வருஷம் அது. சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து விளையாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். ஓமலூரிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வரும் வாடகை எனக்குக் கிடைத்திருந்தது. மைதானத்து வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். உள்ளே கிரிக்கெட் பந்து எறிகிற போட்டி நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கண்ணாடி பொடிப்பொடியாக மடியில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

பந்தை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். "எவ எறிஞ்சது?" என்று நான் போட்ட சத்தத்தில் டீச்சர்மார் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். ஒல்லியாக, உயரமாக, தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்த ஒரு பெண் மட்டும் என்னை நோக்கி வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்து முகத்தை இன்னும் கொஞ்சம் கடுகடுப்பாக வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, பந்து நேராக் கண்ணாடியில பட்டுச்சுங்களா, தரையில குத்தி எந்திரிச்சுப் பட்டுச்சுங்களா?"

"நேராத்தான் பட்டுது. நானென்ன பொய்யா சொல்றேன்?"

"கேட்டீங்களா டீச்சர்!" என்று அவள் திரும்பிக் கத்தினாள். "வேலியோட அளந்துபோட்டீங்க. இவரு வண்டி வரைக்கும் அளக்கோணும்."

அளந்தார்கள். நாடாவின் ஒரு முனையை என்னிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்தேன். சண்டை போட வந்தது அப்புறம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் பெயர் பாவாயி. ஓமலூர் போர்டு ஸ்கூல் வாத்தியாரின் மகள். எங்கள் சனம்தான். விசாரித்துப் பெண் கேட்டுப் போனோம். "வாத்தியார் ஊட்டுப் புள்ள, அடக்கமா இருப்பா" என்று என் ஆத்தா அங்கம்மாள் மனம் குளிர்ந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டாள். கண்ணாடி உடைந்த கதையை நான் மறைத்துவிட்டேன்.

கல்யாணம் ஆகி எருமப்பட்டிக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் பாவாயியின் தகரப்பெட்டி வந்து இறங்கியபோது, அதைத் தூக்கியவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆத்தா திறந்து பார்த்தாள். நாலு சேலைக்கு அடியில் ஒரு பேட்மிண்டன் மட்டை, ஒரு ரப்பர் வளையம், நல்ல தேங்காய் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு.

"சீரோட இரும்பு எதுக்கு வந்துச்சு?"

"எறியறதுக்குங்கத்தை," என்றாள் பாவாயி.

ஆத்தா என்னைப் பார்த்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அதன் பிறகு அந்தக் குண்டு பகலெல்லாம் தொழுவத்துக் கதவுக்கு அண்டை கொடுத்துக் கிடக்கும், பொழுது சாய்ந்தால் களத்தில் பறக்கும். நாமக்கல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாவாயிக்கு டிரில் டீச்சர் வேலை கிடைத்தது. என் பஸ்ஸிலேயே போவாள், என் பஸ்ஸிலேயே வருவாள். வந்ததும் ஏரிக்கரையில் ஓடுவாள். ஊரில் பேசாத பேச்சு இல்லை. ஆத்தாவும் பேசினாள். "பொம்பள ஓடறதாவது, ஆரு தொரத்துறாங்களாம்?" என்பாள். ஆனால் அவள் ஓடிவிட்டு வரும் நேரத்துக்கு அடுப்பில் வெந்நீர் காய்ந்திருக்கும். கேட்டால் மாட்டுக்குக் காய வைத்தேன் என்பாள். எங்கள் மாடு வெந்நீரில் குளித்து நான் பார்த்ததில்லை.

பாவாயி ஆடாத ஆட்டம் எது என்றுதான் கேட்க வேண்டும். நாமக்கல் கிளப்பில் ரப்பர் வளையம் வீசுகிற ஆட்டத்தில் பெரிய அதிகாரிகள் வீட்டம்மாமார்களையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்து, கடைசியில் அவர்களே அவளைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள அடித்துக்கொண்டார்கள். திருச்சியில் பேட்மிண்டன் ஜெயித்தாள். மெட்ராஸில் நூறு கஜ ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். பேப்பரில் இரண்டு வரி போட்டு, ஊர் கோயமுத்தூர் என்று போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேப்பர் கட்டை அதன் பிறகு பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தேன்.

கைக்கு வராமல் போனது ஒன்றே ஒன்று. சேலம் போட்டியில் டீச்சர்மாரும் சேரலாம். அதில் நூறு கஜம், நீளத் தாண்டல், உயரத் தாண்டல், குண்டு, கிரிக்கெட் பந்து ஐந்தையும் சேர்த்துப் புள்ளி போட்டு, எல்லாரையும் விட அதிகம் எடுத்தவளுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய கோப்பை. அதைச் சேலத்துப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருப்பார்கள். சேலம் போகும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள்.

"ஏனுங்க, இதுல எத்தனை படி தண்ணி புடிக்கும்?"

"நீ செயிச்சு வா, ஊத்திப் பாப்போம்," என்பேன்.

ஒரு வருஷம் கணுக்கால் பிசகிக்கொண்டது. இரண்டு வருஷம் பிள்ளைப்பேறு. அப்புறம் யுத்தம் வந்து போட்டியே நின்றுபோனது. நாற்பத்து நாலில் மறுபடி நடத்துகிறார்கள் என்று தெரிந்தபோது பாவாயிக்கு முப்பது தாண்டிவிட்டது. முட்டியில் நல்லெண்ணெய் தேய்க்காமல் படுப்பதில்லை. ஆனால் அந்தச் சேதியைக் கேட்டதும் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பெரிய பெண் வசந்தாமணி, "அம்மா எதுக்குச் சிரிச்சுக்கிட்டே இருக்குது?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

வில்லங்கம் தேதியில் வந்தது. போட்டி பங்குனியில், சனி, ஞாயிறு இரண்டு நாள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டுகிறார்கள்.

நோம்பி என்றால் திருவிழா. சாட்டுவது என்றால், கோயில் முன்னால் கம்பம் நட்டு, இன்ன நாள் பொங்கல் என்று ஊருக்குச் சொல்வது. சாட்டியாகிவிட்டால் பொங்கல் முடியும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது இறங்கியதும் கம்பத்தைச் சுற்றித் தப்பட்டை அடிப்பார்கள். அது அடங்கியதும் ஊர்ப்பாதையின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் வருகிறவர் விடியும் வரை எல்லைக்கு வெளியேதான். அப்படித் தங்கியவர் வீட்டுக்கு அம்மை வரும் என்பது ஊரின் நம்பிக்கை.

மற்றவர்களுக்கு அது நம்பிக்கை. என் ஆத்தாவுக்கு அது மணியன். மணியன் எனக்கு மூத்தவன், நான் பிறக்கும் முன்பே போய்விட்டவன். அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது, நோம்பி சாட்டிய பிறகு, ஜலகண்டாபுரத்தில் தன் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஆத்தா போய் ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள். பொங்கலுக்கு முன்பே மணியனுக்கு அம்மை போட்டுவிட்டது. அவன் பிழைக்கவில்லை. அதைச் சொல்லும்போது ஆத்தா அழ மாட்டாள். கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். சொல்லி முடித்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

சேலத்துப் பள்ளிக்கூட ஹாஸ்டலிலேயே சனிக்கிழமை இரவு படுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர்மார் சொல்லியிருந்தார்கள். பாவாயி அதை ஆத்தாவிடம் சொல்லவே இல்லை.

"அத்தைகிட்டப் போயி அதை எப்படிங்க கேக்கறது? ராத்திரிக்கு வந்துபோட்டு விடிஞ்சதும் போறேன். பஸ்ஸு எதுக்கு இருக்குது?"

பஸ் எதற்கு இருக்கிறது என்பது நல்ல கேள்விதான். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? வண்டியின் பின்னால் பெரிய அடுப்பு ஒன்றை மாட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். என் கரி பஸ்ஸை நான் திட்டலாம், வேறு யாரும் திட்டக் கூடாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அது செய்ததை நானே மன்னிக்கவில்லை.

அன்றைக்கு மூன்று போட்டி. குண்டில் முதல். பந்தில் முதல். நீளத் தாண்டலில் இரண்டாவது. புள்ளிக் கணக்கில் அவள்தான் மேலே. உயரத் தாண்டலும் நூறு கஜமும் மறுநாளைக்கு. பாவாயி வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். நாமக்கல் தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. கரி நனைந்தது. எருமப்பட்டிக்கு இந்தப் பக்கம், பொழுது இறங்குகிற நேரத்தில், வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நான் அடுப்பு விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். புகை வந்தது, நெருப்பு வரவில்லை.

பாவாயி இறங்கி, சேலையைத் தார்ப்பாய்ச்சி இழுத்துச் செருகினாள்.

"ஏனுங்க, நான் ஓடறேன். நீங்க பொறவால வாங்க."

"நாளைக்கு உயரத் தாண்டல் இருக்குது பாவாயி. சல்லிக்கல் ரோடு. கால் போயிரும்."

"அத்தை தோரணத்துக்கிட்ட நிப்பாங்க," என்றாள். போய்விட்டாள்.

நானும் ஓடினேன். அதை ஓட்டம் என்று சொன்னால் பாவாயி சிரிப்பாள். பஸ் சீட்டிலேயே உட்கார்ந்து பழகிய உடம்பு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஊரை நெருங்கியபோது தப்பட்டை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. மாரியாத்தா புண்ணியம் என்று நினைத்தேன். அது என் பெண்டாட்டியின் புண்ணியம். அவள் நேரே, தோரணம் கட்ட ஊர்ப்பாதையில் நின்ற பூசாரி அம்மாசியிடம் போய், "எங்க ஊட்டுக்காரரு வந்துக்கிட்டு இருக்காருங்க, கொஞ்சம் மெதுவாத்தான் வருவாரு, அடிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லியிருக்கிறாள். தப்பட்டைக்காரர்களின் கை ஓய்ந்ததற்கு முழுப் பொறுப்பும் என் தொந்திதான்.

அவள் வந்து சேர்ந்ததை அம்மாசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆத்தா பொழுது சாய்ந்ததிலிருந்து ஊர்ப்பாதையில் நின்றிருக்கிறாள். ஏரிக்கரை மேல் ஓர் உருவம் வருவது தெரிந்திருக்கிறது. ஓடும் பாவாயியை அதற்கு முன் ஆத்தா பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்றே அந்த நேரத்துக்குப் புழக்கடையில் வேலை வைத்துக்கொள்வாள். அன்றைக்குப் பார்த்தாள். கரையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, மழை ஈரத்தில், பாவாயி ஓடி வருவதைக் கண் எடுக்காமல் பார்த்திருக்கிறாள்.

"நீ எப்பவும் இப்படித்தான் ஓடுவியா?" என்று கேட்டாளாம்.

"இல்லீங்கத்தை. இதைவிடக் கொஞ்சம் வேகமா ஓடுவேன்."

பாதம் இரண்டும் கல் குத்திக் கிழிந்திருந்தன. இடது கணுக்கால் வீங்கியிருந்தது. ஆத்தா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள்.

மறுநாள் நான் எப்படியோ வண்டியை உயிர்ப்பித்துச் சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உயரத் தாண்டலில் அந்தக் கால் எழும்பவில்லை. நூறு கஜத்தில் நாலாவதாக வந்தாள். கோப்பை ஒரே ஒரு புள்ளியில் போனது. வேறொரு பெண் அதைக் கையில் வாங்கியபோது பாவாயிதான் எல்லாரையும் விட அதிகமாகக் கை தட்டினாள். வரும் வழியில் பாட்டு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா கேட்டாள். "என்னாச்சு?"

"ரெண்டாவதுங்கத்தை. புல்லுல கால் வழுக்கிருச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "புல்லும் இல்லை புண்ணாக்கும் இல்லை ஆத்தா. முந்தாநாத்து ராத்திரி அவ அங்கயே தங்கியிருந்தா அந்தக் கோப்பை இன்னைக்கு இங்க இருந்திருக்கும். உனக்காகத்தான் ஓடிவந்தா."

முந்தாநாள் இல்லை, நேற்றுத்தான். கோபத்தில் நாள் கூடத் தவறிவிட்டது. "சும்மா இருங்க!" என்று பாவாயி என்னை அதட்டினாள். அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. ஆத்தா சுளகைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள்.

அடுத்த பங்குனியும் வந்தது. போட்டியும், நோம்பியும், போன வருஷத்தைப் போலவே ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பாவாயி தானாகவே சொல்லிவிட்டாள்.

"இந்த வருசம் நான் போகலீங்கத்தை. முட்டியும் சொன்ன பேச்சுக் கேக்கறதில்லை. இதுக்கு மேல எங்க ஓடறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிரவு குண்டைத் துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் அடியில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தாவும் பார்த்தாள். தொழுவத்துக் கதவு அண்டை இல்லாமல் ராத்திரியெல்லாம் அடித்துக்கொண்டது.

நோம்பித் தேதி பேச ஊர் கோயிலில் கூடியது. மணியக்காரர் கைலாசம், வழக்கமான செவ்வாய்க்கிழமையே சாட்டிவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் ஆத்தா எழுந்து நின்றாள்.

"ஒரு வாரம் தள்ளிச் சாட்டோணுங்க."

நோம்பிக் கட்டுப்பாட்டில் ஊரிலேயே கறாரான மனுஷி அவள்தான். சாட்டிய பிறகு மிளகாய் தாளித்த வீட்டைக்கூடச் சும்மா விட மாட்டாள். கைலாசம் தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"என்ற மருமக சேலத்துல ஓடோணும். ரெண்டு நாளும் அங்கயே தங்கி, கால் நோவாம ஓடோணும்."

சிலர் சிரித்தார்கள். பாவாயி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள். அவளுக்கு இது தெரியாது.

"ஒரு பொம்பள ஓடறதுக்காக மாரியாத்தா நோம்பியத் தள்ளறதா?" என்றார் கைலாசம்.

"போன வருசம் இந்த ஊருக் கட்டுக்காக அவ ரத்தம் ஒழுக ஓடிவந்தா. நான் பாத்தேன். அம்மாசியும் பாத்தாரு. இந்த வருசம் ஊரு அவளுக்காக ஒரு வாரம் பொறுக்கட்டும்."

சிரிப்பு நின்றது. கைலாசம் மோவாயைத் தடவினார். "என்னையக் கேட்டு ஆவறது ஒண்ணுமில்லை. ஆத்தாளையே பூக் கேட்டுப் பாத்துக்கலாம்."

பூக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், பூவரச இலையில் ஒன்றுபோல் மடித்து நார் போட்டுக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது கேட்கிற வீட்டுப் பெண்பிள்ளையின் பொறுப்பு. ஆத்தா கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். காலடியில் வைக்கும்போது அம்மன் முகத்தை அவள் பார்க்கவில்லை. மணியனைப் பறிகொடுத்தவளுக்கு அந்தச் சந்நிதியில் தலை நிமிருமா என்றுதான் நினைத்தேன்.

கைலாசத்தின் பேத்தி ஒன்றை எடுத்தாள். அம்மாசி பிரித்தார். வெள்ளை.

குலவை போட்டார்கள். பாவாயி அழுதுவிட்டாள். நானும்தான், புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். மிச்சப் பொட்டலத்தை ஆத்தா தானே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டாள்.

மறுநாள் விடிகாலை அந்தக் கிணற்றுக்குக் குளிக்கப் போனேன். நார் நனைந்து அவிழ்ந்து, பூவரச இலை தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றித் தண்ணீரெல்லாம் வெள்ளை அரளி. ஒரு சிவப்புக் கூட இல்லை. எடுத்ததும் வெள்ளை, மிச்சமும் வெள்ளை. அப்புறம், பெண்கள் தண்ணீர் சேந்த வருவதற்குள், வாளியை விட்டு ஒவ்வொரு பூவாக அள்ளி எடுத்து வாழைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை, பாவாயியிடமும்.

சேலத்துக்கு ஆத்தாவும் வந்தாள். மைதானத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பாவாயியை யார் முந்தினாலும் அந்தப் பெண்ணின் குலம் கோத்திரம் விசாரித்தாள். நான் பஸ்ஸை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தேன். பந்து அந்த வருஷமும் வேலியைத் தாண்டித்தான் விழுந்தது. நூறு கஜத்தில் ஒரு சின்னப் பெண் அவளை ஜெயித்தாள். ஆனால் குண்டும் பந்தும் தாண்டல் இரண்டும் கை கொடுத்தன. பேரைக் கூப்பிட்டபோது பாவாயி கோப்பையை வாங்கி நேரே வந்து ஆத்தாவின் மடியில் வைத்தாள். ஆத்தா அதை இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல கனம்," என்றாள். "ஒண்ணரைப் படி புடிக்கும்."

ஒரு வாரம் தள்ளி நோம்பி சாட்டினார்கள். கம்பம் நட்ட மறுநாள் காலை, ஊர்ப் பெண்கள் குடத்திலும் சொம்பிலும் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா அந்த வெள்ளிக் கோப்பையில் வேப்பிலை போட்டுத் தண்ணீர் எடுத்து வந்தாள். கைலாசம் பார்த்தும் பார்க்காதது போல் நின்றார். ஆத்தா ஊற்றி முடிக்கும் வரை காத்திருந்து, பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் ஆத்தா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதானே கட்டுன? மாரியாத்தாகிட்டயே இப்படிப் பண்ணலாமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கம்பத்தின் அடியில் கவிழ்த்தாள்.

"கேட்டாச் செவப்பக் குடுத்துருவாளோன்னு பயமா இருந்துச்சு கண்ணு," என்றாள். "அதான் கேக்கலை. மணியனை நீ எடுத்துக்கிட்ட, இவளையாச்சும் ஓட உடுன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டேன்."